கவாத்துக் கத்தரியின் வாரிசுகள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பகுதியில் ஹெலிகன் என்ற பழைய தோட்டம் இருக்கிறது. ட்ரெமெய்ன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. அங்கே வேலை பார்த்த தோட்டக்காரர்கள் 1914 ஆகஸ்டில் தங்கள் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் பெயரெழுதி வைத்தார்கள். பிறகு முதல் உலகப் போர் அவர்களை அழைத்துக்கொண்டது. பலர் திரும்பவில்லை. முட்புதரும் கொடியும் தோட்டத்தை மூடின. டிம் ஸ்மிட்டும் ஜான் நெல்சனும் 1990இல் உள்ளே நுழைந்து வெட்டித் திருத்தத் தொடங்கியபோது சுவர்கள் இருந்தன, பாதைகள் இருந்தன, கண்ணாடிக் கூடங்களின் சட்டங்கள்கூட மிச்சமிருந்தன. வேலை தெரிந்த ஆள்தான் இல்லை.

அங்குள்ள அன்னாசிக் குழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். குளிர்நாட்டில் அன்னாசி பழுக்க வைப்பது அந்தக் காலத்துச் சீமான்களின் பெருமைகளில் ஒன்று. செடிகள் நிற்கும் குழியின் இருபுறமும் நீளப் பள்ளம் வெட்டி, புதுக் குதிரைச் சாணத்தையும் வைக்கோலையும் அதில் நிரப்புவார்கள். அது மக்கும்போது எழும் சூடு இடைவெளி விட்டுக் கட்டிய சுவர் வழியாகச் செடிகளுக்குப் போகும். கட்டுமானத்தைப் பார்த்தே இவ்வளவையும் ஊகித்துவிடலாம். ஆனால் சாணத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை கிளறுவது, எவ்வளவு ஈரம் வைப்பது, சூடு மிஞ்சி வேர் வெந்துவிடாமல் எப்படிப் பார்ப்பது? இதையெல்லாம் செங்கல் சொல்லாது. புதியவர்கள் பட்டுப்பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

வரலாற்றுத் தோட்டங்களுக்கென்றே 1981இல் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு சாசனம் உருவானது. பழைய தோட்டத்தை அது உயிருள்ள நினைவுச்சின்னமாகக் கருதுகிறது. அதன் 24ஆவது பிரிவு, பயிற்சி பெற்றவர்களின் இடைவிடாத பராமரிப்பு இல்லாமல் இத்தகைய தோட்டம் பிழைக்காது என்றும், வரலாற்றறிஞர், கட்டடக் கலைஞரோடு தோட்டக்காரரையும் பயிற்றுவிக்க ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றிக் கூடும் கூட்டங்களில் வேலியும் நுழைவுச்சீட்டும் பேசப்படும் அளவுக்கு இந்தப் பிரிவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

பயிற்சி என்றால் என்ன என்பதற்கு நல்ல உதாரணம் கென்ட் பகுதியிலுள்ள சிஸ்ஸிங்ஹர்ஸ்ட். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட், கணவர் ஹெரால்ட் நிக்கல்சனுடன் 1930இல் வாங்கிய இடம். அங்கே ரோஜாவைக் கவாத்து செய்யும் முறை புகழ்பெற்றது. ரோஜாவின் நீண்ட தண்டை நிமிர்ந்து வளர விட்டால் நுனி மொட்டு மட்டும் கொழுத்துப் பூ உச்சியில்தான் வரும். குளிர்காலத்தில் அதே தண்டை வில்லாக வளைத்து, தரையில் ஊன்றிய ஹேசல் வளாரோடு கட்டிவிட்டால் நுனியின் ஆதிக்கம் குலையும். பிறகு தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டுப் பூத்துத் தள்ளும். எந்தத் தண்டு வளையும், எது ஒடியும் என்பது தொட்டுப் பழகிய விரலுக்கே தெரியும். இந்த வித்தை சிஸ்ஸிங்ஹர்ஸ்டில் பிறந்ததன்று. 1939இல் தலைமைத் தோட்டக்காரராக வந்த ஜாக் வாஸ், தாம் முன்பு வேலை பார்த்த கிளைவ்டன் மாளிகைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் புறப்பட்டபோது, உயிர்வேலிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பின்னால் மீட்டுவிடலாம் என்று அவர் சொல்லிப் போனதாகச் சொல்வார்கள்.

1959இல் அங்கே பொறுப்பேற்ற பமேலா ஷ்வெர்ட், சிபில் க்ரொய்ட்ஸ்பெர்கர் ஆகிய இருவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வாட்டர்பெரி பள்ளியில் படித்தவர்கள். பியாட்ரிக்ஸ் ஹாவர்கல் என்ற பெண்மணி பெண்களுக்காகவே நடத்திய தோட்டக்கலைப் பள்ளி அது. 1932 முதல் 1971 வரை இயங்கியது. மாணவிகள் அங்கேயே தங்கி, மண்ணைக் கொத்துவதிலிருந்து எல்லா வேலையையும் தாங்களே செய்தார்கள். வீட்டா 1962இல் இறந்தார்; 1967இல் தோட்டம், மரபிடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது; அந்த இருவரும் 1990 வரை இருந்தார்கள். உரிமையாளர் மாறியும் தோட்டம் மாறாமல் இருந்ததென்றால் அந்த முப்பதாண்டுத் தொடர்ச்சிதான் காரணம். வாட்டர்பெரி பள்ளி மூடப்பட்டதற்காக நான் அதிகமாக வருந்துவதும் அதனால்தான்.

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் தொழில் பழகிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் உதகமண்டலத்துக்கு வந்து, தொட்டபெட்டாச் சரிவில் இன்றைய அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். கொய்னா மருந்துக்குப் பட்டை தரும் சின்கோனா நீலகிரியில் பயிரானபோது, பட்டைக்காக மரத்தையே வெட்ட வேண்டியதில்லை என்று காட்டியவரும் அவரே. பட்டையை நீளவாக்கில் கீற்றாக உரித்தெடுத்து, அந்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினால் புதுப்பட்டை வளர்ந்துவிடும். ஒரு தோட்டக்காரரின் கண்டுபிடிப்பு இது. ஆனால் நாம் எழுதும் வரலாறுகள் மெக்ஐவர் பெயரோடு நின்றுவிடுகின்றன. பாசி கட்டிய கைகளைப் பற்றி எழுதுவதில்லை.

பெங்களூர் லால்பாகிலும் இரண்டு மரபுகள் சந்தித்தன. ஹைதர் அலி தோட்டம் போட்டபோது தமிழ்ப் பகுதியிலிருந்து திகளர் என்ற தோட்டக்காரச் சமூகத்தாரை அழைத்து வந்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. பின்னாளில் கியூவில் பழகிய ஜான் கேமரனும், 1908 முதல் ஜெர்மானியர் க்ரும்பிகலும் அதை நடத்தினார்கள். அடுத்து வந்த ஜவராயாவும் கியூவுக்குப் போய்ப் படித்தவர்.

இப்படித் தோட்டத்தில் நின்று பழகத்தான் வேண்டுமா, கல்லூரிப் பட்டம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ரோஜாத் தண்டை வளைக்கும் வேலை ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவர் அதைப் பார்க்காமலேயே சான்றிதழ் வாங்கிப் போகலாம். ஒரே தோட்டத்தில் ஒரு முழு ஆண்டாவது நின்றால்தான் எல்லாப் பருவமும் ஒருமுறையேனும் கைக்கு வரும். தவறைத் திருத்திக்கொள்ள இன்னோர் ஆண்டு வேண்டும். அத்தனை காலம் சம்பளமில்லாமல் எந்த வீட்டுப் பிள்ளையால் நிற்க முடியும்? அங்கேதான் உதவித்தொகையின் அருமை தெரிகிறது. பிரிட்டனில் வரலாற்றுத் தோட்டங்களுக்கும் தாவரவியல் தோட்டங்களுக்குமாக 2006இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பயிற்சி பெறுபவர் தோட்டத்திலேயே அனுபவசாலிகளோடு வேலை செய்கிறார். அவருடைய செலவுக்கு உதவித்தொகை வருகிறது. கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்திலும், அதை வளர்த்த கிறிஸ்டோபர் லாய்டு 2006இல் மறைந்த பிறகு, அவர் பெயரிலேயே ஓர் உதவித்தொகை ஏற்பட்டது. தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டின் அருகிருந்து இளைஞர்கள் தொழில் கற்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனையும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் நந்தவனத்தைப் பேணுவதற்காகத் திருநந்தவனப்புறம் என்று நிலம் விட்ட செய்திகள் வருகின்றன. பூச்செடிக்கு இடம் ஒதுக்கினால் மட்டும் மாலை வந்துவிடாது, அதைப் பேணுபவர்கள் சாப்பிட வேண்டும் என்பதைக் கொடையாளர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நந்தவனத்துக்கு நன்கொடை என்றால் கம்பி வேலியும் பெயர்ப்பலகையும்தான் முதலில் வருகின்றன.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் பழைய பூங்காவோ கோயில் நந்தவனமோ இருந்தால், பெயர் பொறித்த சிமெண்ட் பெஞ்சுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ இரண்டாண்டு உதவித்தொகை கொடுங்கள். அங்குள்ள மூத்த தோட்டக்காரர் ஓய்வு பெறுவதற்கு முன்பே கொடுங்கள்.