இராணி எலிசபெத் ஒலிம்பிக் பூங்கா, லண்டன்

கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில், லீ ஆற்றின் கீழ்ப் பள்ளத்தாக்கில் உள்ள பூங்கா. 2012 ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் முதன்மைக் களம். பெரும் விளையாட்டு விழாவைக் கொண்டு நகரத்தின் நலிந்த பகுதியை மீட்க முடியுமா என்ற விவாதத்தில் இன்றும் இதன் பெயர் அடிபடுகிறது. நிலத்தையும் நீரையும் மீட்டதில் இதன் சாதனை பெரிது. ஆனால் சுற்றுவட்டாரத்து ஏழைகளின் குடியிருப்பு விஷயத்தில் அந்த உறுதி காட்டப்படவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே ரசாயன ஆலைகளும் ரயில் பணிமனைகளும் குப்பைமேடுகளும் இருந்தன. எண்ணெய், தார், ஆர்சனிக், ஈயம் எல்லாம் மண்ணில் ஊறிக் கிடந்தன. தலைக்குமேல் உயரழுத்த மின்கம்பிகள் ஓடின. நியூஹாம் உள்ளிட்ட நான்கு உள்ளாட்சிப் பகுதிகள் சந்திக்கும் இடம் இது. தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த ஈஸ்ட்ஹாமும் மேனர்பார்க்கும் அந்த நியூஹாமில்தான் இருக்கின்றன.

2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் 54-50 என்ற கணக்கில் பாரிஸை முந்தி, போட்டிகளை நடத்தும் வாய்ப்பை லண்டன் பெற்றது. கிழக்கு லண்டனின் மறுவாழ்வு என்ற வாக்குறுதி அந்த வெற்றிக்குப் பெரிதும் கைகொடுத்தது. விண்ணப்பத்தில் சுமார் 240 கோடி பவுண்டு என்றிருந்த அரசுச் செலவு, 2007 மார்ச்சில் 932.5 கோடியாகத் திருத்தப்பட்டது.

நிலம் கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டது. கிளேஸ் லேன் கூட்டுறவுக் குடியிருப்பில் வாழ்ந்த நானூறுக்கும் அதிகமானோர் வெளியேற வேண்டியிருந்தது. பல தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்டுவந்த மேனர் கார்டன் தோட்டக்காரர்கள் 2007இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். ‘பசுமைப் போட்டி’ என்று அறிவிக்கப்பட்ட திட்டம் முதலில் அகற்றியவற்றுள் விளைந்துகொண்டிருந்த தோட்டங்களும் இருந்தன என்பது வருத்தத்துக்குரியது.

நிர்வாகம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஒலிம்பிக் கட்டுமான ஆணையம் களங்களைக் கட்டியது. ஒருங்கிணைப்புக் குழு போட்டிகளை நடத்தியது. இரண்டையும் கண்காணித்து வெளிப்படையாக அறிக்கை தர ‘நீடித்த லண்டன் 2012 ஆணையம்’ என்ற சுயேச்சையான அமைப்பு இருந்தது. முந்தைய ஒலிம்பிக்குகளில் இல்லாத ஏற்பாடு இது. அறிக்கை தரலாம், ஆணையிட முடியாது என்பது அதன் எல்லை. போபால் விஷவாயுத் துயரத்துக்குக் காரணமான யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிய டவ் கெமிக்கல், அரங்கைச் சுற்றித் தொங்கவிடும் துணித்திரைக்கு ஆதரவாளராக ஏற்கப்பட்டபோது அந்த எல்லை வெளிச்சத்துக்கு வந்தது. ஆணைய உறுப்பினர் மெரிடித் அலெக்சாண்டர் 2012 ஜனவரியில் பதவி விலகினார். திரை விலகவில்லை.

மண் சுத்திகரிப்புதான் இத்திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி. தோண்டிய மண்ணை லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்பிக் கொட்டுவதுதான் வழக்கம். இங்கே அந்த இடத்திலேயே இயந்திரங்கள் நிறுவப்பட்டன. மண்ணைச் சலித்து, நீர் பாய்ச்சிக் கழுவி, சரளையும் மணலும் தனியே பிரிக்கப்பட்டன. நஞ்சு பெரும்பாலும் ஒட்டியிருக்கும் நுண்வண்டல் மட்டும் ஒதுக்கப்பட்டு, எஞ்சியது மீண்டும் நிலத்திலேயே பரப்பப்பட்டது. இடித்த கட்டடங்கள் இருநூறுக்கும் மேல். அவற்றின் இடிபாட்டில் 98 விழுக்காடு மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போனது. 52 மின்கோபுரங்கள் அகற்றப்பட்டுக் கம்பிகள் சுரங்கத்துக்குள் சென்றன. முதன்மை அரங்கின் கூரைச் சட்டத்துக்கு, உபரியாகிவிட்ட எரிவாயுக் குழாய்கள் பயன்பட்டன. நிகழ்ச்சி மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 20121 தரநிலை உருவாக லண்டன் 2012 ஏற்பாடுகள் தூண்டுதலாக இருந்தன.

அரங்கின் பிற்காலம் அவ்வளவு நன்றாக அமையவில்லை. 80,000 இருக்கைகளைப் போட்டிக்குப்பின் 25,000 ஆகக் குறைப்பதே முதல் திட்டம். அது கைவிடப்பட்டு, 2016 முதல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து சங்கம் வாடகைக்கு வந்தது. அரங்கை மாற்றியமைக்க 30 கோடி பவுண்டுக்கும் மேல் ஆயிற்று. சங்கம் தந்தது 1.5 கோடி, அத்துடன் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் வாடகை. மீதிச் சுமை பொதுப்பணத்தின் மீது விழுந்தது. யாருக்கு எப்படிப் பயன்படும் என்பதை முடிவு செய்யாமல் கட்டியதற்குக் கொடுத்த விலை இது.

வீரர்கள் தங்கிய கிராமத்தின் 2,818 வீடுகளில் ஏறக்குறைய பாதி மலிவு வீட்டுவசதிக்கு ஒதுக்கப்பட்டன. மீதி 2011இல் கத்தாரி டியார், டெலான்சி நிறுவனங்களுக்குப் போனது. ஆனால் அருகிலேயே நகராட்சிக்குச் சொந்தமான கார்ப்பெண்டர்ஸ் குடியிருப்பில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. விடுதியிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட இளம் தாய்மார்கள் தொடங்கிய ‘ஃபோகஸ் ஈ15’ இயக்கம், 2014 செப்டம்பரில் அங்கே சில வீடுகளுக்குள் புகுந்து போராடியது.

2012இல் அமைந்த லண்டன் மரபுரிமை வளர்ச்சிக் கழகம், கட்டட அனுமதி வழங்கும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தது. அதன் வாரியத்தை நியமிப்பவர் லண்டன் மேயர். உள்ளாட்சி மன்றங்களின் கை அங்கே தாழ்ந்தே இருந்தது. அந்த அதிகாரம் 2024 டிசம்பர் 1 அன்று நான்கு உள்ளாட்சிகளுக்கும் திரும்பியது. கழகம் நில உரிமையாளராகத் தொடர்கிறது; இனி அது கட்ட நினைக்கும் வீடுகளுக்கு, அப்பகுதி மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடம்தான் அனுமதி பெற வேண்டும்.