இரும்பும் அளவும்: மிதிவண்டிச் சட்டகத்தின் வரலாறு தரும் படிப்பினை

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் வழங்கிய அருட்கொடைகளைத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவுகூர்கிறது. ஆட்சி, ஞானம், ஸபூர் வேதம், மலைகளும் பறவைகளும் உடன்சேர்ந்து துதித்த இனிய குரல் ஆகியவற்றின் வரிசையில், அவர்களுடைய கையில் இரும்பு இளகியதும் ஓர் அருளாகவே எண்ணப்படுகிறது. ஸபா அத்தியாயத்தின் 10, 11 ஆம் வசனங்களில், அந்த இரும்பைக் கொண்டு போர்க்கவசம் செய்யுமாறு பணித்த இறைவன், அதன் வளையங்களைப் பின்னுவதில் அளவைப் பேணுமாறும் கட்டளையிடுகிறான். இந்த அளவு எது என்பதைத் தொடக்ககால விரிவுரையாளரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் ஒரு கொல்லரின் மொழியில் விளக்கியுள்ளார்கள். வளையத்தை இணைக்கும் ஆணி மிக மெல்லியதாக இருந்தால் அது ஆடித் தளர்ந்துவிடும். மிகத் தடித்ததாக இருந்தால் வளையத்தையே பிளந்துவிடும் என்பதே அவ்விளக்கத்தின் கருத்து. அவர்கள் செய்வதை அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவூட்டலோடு அவ்வசனம் நிறைவுறுகிறது.

அளவைப் பேணுவதும், பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வோடு வேலை செய்வதும் கைத்தொழில் அனைத்துக்கும் பொதுவான இரு விதிகள். இவ்விரண்டையும் தெளிவாகக் காட்டும் ஒரு தொழிலின் வரலாற்றை இங்கே காண்போம். நாம் அன்றாடம் காணும் மிதிவண்டியின் சட்டகத்தை, அதாவது ‘பிரேம்’ என்று நாம் அழைக்கும் அந்த இரும்புக் குழாய்க் கூட்டை, உருவாக்கும் தொழிலே அது.

மிதிவண்டியின் மூதாதை மரத்தால் ஆனது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817 ஆம் ஆண்டு கார்ல் டிராய்ஸ் என்பவர், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1860களில் பாரிஸ் நகரில் மிஷோ பட்டறையினர் முன்சக்கரத்தில் மிதிகளைப் பொருத்தி விற்றனர். அவற்றின் சட்டகம் கனத்த இரும்பால் ஆனது. 1885 இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் அமைப்பும் கொண்ட ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் சட்டகம் இன்று நாம் காணும் வைர வடிவத்தை அடைந்தது. அதன் பின்பகுதி முழுமையான முக்கோணம். முன்பகுதி முக்கோணத்தை ஒட்டிய நாற்கோணம். மற்ற வடிவங்களின் மூலைகளை அழுத்தினால் அவை சாய்ந்துகொடுக்கும். முக்கோணமோ தன் பக்கங்களில் ஒன்று வளைந்தோ முறிந்தோ போகும் வரை அசையாது. நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வடிவம் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

வடிவம் அமைந்துவிட்டது, ஆனால் குழாய்களை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது? ‘லக்’ எனப்படும் இரும்பு மூட்டுக்குள் குழாய் முனைகளைச் செருகி, சூடேற்றி, உருகிய பித்தளையை இடுக்கில் பாயவிடுவதே கைவினைஞர்கள் கையாண்ட வழி. இதற்குப் ‘பிரேசிங்’ என்று பெயர். வெல்டிங் வேறு, இது வேறு. வெல்டிங்கில் இரும்பே உருகிக் கலக்கிறது. பிரேசிங்கில் இரும்பு செந்தழலாகச் சிவக்கும், உருகாது. இரும்பு உருக 1,400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். பித்தளைக்கோ ஏறக்குறைய 900 டிகிரி போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, உருகிய உலோகம் குழாய்க்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் தானாக இழுக்கப்படும். அவ்விடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். அதிகமானால் உலோகம் ஏறாது. முற்றிலும் இறுகிவிட்டால் நுழையவே வழியிராது. முஜாஹித் (ரஹ்) அவர்களின் ஆணி விளக்கம் இங்கே அப்படியே பொருந்துவதைக் காண்க.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் எழுந்தது. நெருப்பில் காய்ந்த குழாய் முனை வலிமை குன்றும். சாலையின் அதிர்ச்சிகள் அதிகமாகத் தாக்கும் இடமும் அதுவே. குழாய் முழுவதையும் தடிப்பாக்கினால் வண்டி கனத்துவிடும். மெல்லியதாக்கினால் மூட்டருகே முறிந்துவிடும். இதற்குத் தீர்வு கண்டவர்கள் பர்மிங்ஹாமில் 1841 முதல் ஆணி செய்து பிழைத்துவந்த ரெய்னால்ட்ஸ் குடும்பத்தினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெய்னால்ட்ஸ், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாயைச் செய்யும் முறைக்கு 1897 இல் காப்புரிமை பெற்றார். இவ்வகைக் குழாயின் சுவர் முனைகளில் 0.8 மில்லிமீட்டராகவும் நடுவில் 0.5 மில்லிமீட்டராகவும் இருப்பதுண்டு. வெளிப்புறம் ஒரே சீராக இருப்பதால் இந்த வேறுபாடு எவர் கண்ணுக்கும் தெரியாது. அது முழுவதும் குழாயின் உட்புறத்தில் மறைந்திருக்கிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு, வேண்டாத இடத்தில் குறைவு என்ற இந்த எளிய நுட்பம்தான் மிதிவண்டியை இலகுவாக்கியது. 1935 இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ எஃகுக் குழாயை வெளியிட்டது. பல பத்தாண்டுகள் பந்தய வண்டிகளின் பெருமைக்குரிய பெயராக அது விளங்கிற்று.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் மண்ணையும் தொடுகிறது. ரெய்னால்ட்ஸ் நிறுவனம் 1928 இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரித்தானியக் குழுமத்தில் இணைந்தது. அதே குழுமம் முருகப்பா குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்து 1949 இல் நிறுவியதே சென்னை அம்பத்தூரின் டிஐ சைக்கிள்ஸ். அதையடுத்து 1955 இல் ஆவடியில் குழாய் ஆலையும் எழுந்தது. நம் பெரியவர்கள் பள்ளிவாசலுக்கு மிதித்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகளுக்கும் பர்மிங்ஹாமின் உலைகளுக்கும் இப்படியோர் உறவு உண்டு.

சட்டகத்தின் வலிமை உயிரோடு தொடர்புடையது என்பதை 1913 ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு உணர்த்துகிறது. அவ்வாண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வெற்றிவாய்ப்போடு இருந்த யூஜின் கிறிஸ்டோஃப், பிரினீஸ் மலைத்தொடரின் டூர்மாலே கணவாயிலிருந்து இறங்குகையில் அவருடைய வண்டியின் முன்கவை, அதாவது ஃபோர்க், முறிந்தது. பிறர் உதவியைப் பெறக்கூடாது என்பது பந்தய விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, அடிவாரச் சிற்றூரின் கொல்லுலையை அடைந்தார். நடுவர்கள் பார்த்திருக்க, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பல மணி நேரத்தில் அதைச் சீராக்கினார். உலைத் துருத்தியை ஒரு சிறுவன் ஊதியதற்காக அவருக்கு நேரத் தண்டனையும் கிடைத்தது. ஆயினும் அவர் பந்தயத்தை முடித்து ஏழாம் இடம் பெற்றார். எங்கோ ஒரு பட்டறையில் செய்யப்பட்ட ஒரு துண்டு இரும்பு தாங்காமற்போனதற்கான விலையை மலையுச்சியில் வேறொருவர் செலுத்தினார். செய்பவரின் குறை அவரிடமே தங்குவதில்லை. அதை நம்பி ஏறியவரைச் சென்றடைகிறது. இதனால்தான் தொழிலை ‘அமானிதம்’ என்கிறோம்.

இத்தொழில் பரவிய விதமும் மதரஸாக் கல்வியோடு தொடர்புடைய நமக்குப் பழக்கமான ஒன்று. ஹதீஸ் கலையில் இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்ற ‘ஸனது’ தொடர் இருப்பதைப் போல, சட்டகம் செய்வோரிடமும் குரு–மாணவர் தொடர் உண்டு. மிலான் நகரின் விகோரெல்லி பந்தயத் திடலின் அடியில் ஃபாலியெரோ மாசி நடத்திய பட்டறை அத்தகையது. அங்கே பயின்ற கைகள் பின்னாளில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா வரை அக்கலையைக் கொண்டுசென்றன. கலிஃபோர்னியாவிலேயே ஆல்பர்ட் ஐசன்ட்ராட் 1970களில் சட்டகக் கலைக்கு வகுப்பு நடத்தினார். அவரிடம் கற்ற இளைஞரான ஜோ பிரீஸ், மலைப்பாதைகளில் பழைய சட்டகங்கள் முறிவதைக் கண்டு, 1977 இல் அப்பாதைகளுக்கென்றே புதிய சட்டகம் ஒன்றைத் தம் கையால் உருவாக்கினார். பின்னர் உலகெங்கும் பரவிய மலை மிதிவண்டியின் தொடக்கம் அதுவே.

பெரிய ஆலைகள் எழுந்த பின்னும் வீட்டுக் கொட்டகையிலோ சிறு பட்டறையிலோ தனியொருவர் சட்டகம் செய்யும் வழக்கம் அழியவில்லை. அதற்குத் தேவையான கருவிகள் சில: ஹாக்ஸா, அரைவட்ட அரம், குழாய்களை நேராகப் பிடிக்கும் ‘ஜிக்’, கேஸ் விளக்கு, வெண்காரம் முதலியவை கொண்ட ஃபிளக்ஸ். ஓட்டுபவரின் கால், உடல், கை ஆகியவற்றின் நீளத்தை அளந்து வரைபடம் தீட்டுவது முதற்படி. மற்றொரு குழாயின் வளைவோடு கச்சிதமாகப் பொருந்துமாறு ஒவ்வொரு குழாய் முனையையும் அரத்தால் குடைவது அடுத்த படி. எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் நீங்கத் துடைத்து, ஃபிளக்ஸ் தடவி, குழாயையும் மூட்டையும் ஒருசேரச் சூடேற்றிய பிறகே பித்தளைக் கம்பி தொடவேண்டும். வெப்பம் மிகுந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் வெண்புகையாக வெளியேறும். அது நுரையீரலுக்குத் தீங்கு. வெள்ளிக் கம்பி குறைந்த வெப்பத்தில் உருகும். ஆயினும் காட்மியம் கலந்த பழைய வகைக் கம்பி கொடிய நஞ்சு. காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்வதும் கண்ணாடி அணிவதும் கோழைத்தனம் ஆகா; உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

இக்கலையைக் கற்பிப்போர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் முதலில் செய்யும் பயிற்சி மூட்டை வண்டியில் சேர்ப்பதில்லை. அதை வாளால் நெடுக அறுத்துப் பார்க்கிறார்கள். வெளிவிளிம்பில் பளபளக்கும் பித்தளைக் கோட்டைக் கண்டு மூட்டு முழுமையானது என்று எண்ணியிருப்போம்; அறுத்தால் உள்ளே பாதி வெறுமையாக இருக்கலாம். அந்த வெறுமையை வண்ணப்பூச்சு மறைத்துவிடும். வாங்குபவர் ஒருபோதும் அறியார். பாரம் ஏறும் நாளில்தான் அது வெளிப்படும். மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குப் பாருங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் செய்த உபதேசத்தை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அறுத்துப் பார்க்கப்படும் அந்த மூட்டு, அவ்வுபதேசத்தைப் பட்டறையில் நிறைவேற்றிக் காட்டுகிறது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சமுதாயத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசுவதையும், பெண் கொடுக்கத் தயங்குவதையும் காண்கிறோம். தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு எவருக்கும் இல்லை என்ற கருத்தைச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாகத் தாவூத் (அலை) அவர்களையே குறிப்பிட்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அரசராகவும் நபியாகவும் இருந்தவருக்கு இரும்புவேலை இழிவாகவில்லை. நபி ஸகரிய்யா (அலை) அவர்களுக்குத் தச்சுவேலை இழிவாகவில்லை. நமக்கு மட்டும் அது எவ்வாறு இழிவாகும்?

அதே வேளையில், கைத்தொழில் என்பதாலேயே ஒரு தொழில் உயர்ந்துவிடுவதும் இல்லை. அளவைக் குறைத்து, உட்புறத்தை வெறுமையாக விட்டு, மேலே வண்ணம் பூசிக் கொடுப்பவரின் கையிலும் கரி படிந்திருக்கும். ஒரு செயலைச் செய்தால் அதைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் வரும் நபிமொழியை இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். செம்மை என்பது வெளிப் பூச்சில் இல்லை. எவரும் பாராத உட்புறத்தில் இருக்கிறது. பட்டறையில் நிற்கும் இளைஞருக்கும், பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், கணக்கு எழுதும் வணிகருக்கும் இது பொதுவானது. நம் ஒவ்வொருவரின் வேலையிலும் வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோகும் ஒரு மூட்டு இருக்கிறது.

அந்த மூட்டைப் பார்ப்பவன் இருக்கிறான் என்ற உணர்வோடு உழைக்கும் நற்பேற்றையும், ஹலாலான ரிஸ்க்கையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.