விருப்பப் பாடம் வந்த கதை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்திலிருந்து போன் வந்ததும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இயற்பியல் துறை மாடிப்படிக்கு எதிரே இருந்த அறிவிப்புப் பலகைதான். 2009 ஜூன். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு தொடங்கிய வாரம். 'பிற துறை விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்கவும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நான் எதற்குப் பெயர் கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தத் தாள் பலகைக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

1904-இல் ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தபோது கணக்கில் மட்டும் தேறினால் போதாது. எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும். ஆங்கிலத்தில் கோட்டை விட்டதால் உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் அவரைப் படாத பாடு படுத்தியது. 1907-இல் மறுபடி எழுதியும் கணக்கு தவிர மற்றதெல்லாம் போயிற்று. பட்டமில்லாத அந்த மனிதருக்கு அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நடுவில் போன வருஷங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் நிலைமை நேர் எதிர். 1869 முதல் 1909 வரை அங்கே தலைவராக இருந்த சார்லஸ் எலியட் வேதியியல் வாத்தியார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கடைசியில் முதலாண்டு ஆங்கிலம் தவிர ஏறக்குறைய எல்லாமே மாணவன் இஷ்டம். பையன்கள் என்ன செய்தார்கள்? சுலபமான பாடமாகப் பார்த்துப் பொறுக்கினார்கள்! அடுத்து வந்த லோவெல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றவற்றில் பரவலாகவும் படிக்க வேண்டும் என்று கடிவாளம் போட்டார். ஆக, மார்க்குக்காகப் பாடம் தேடுவது நம் பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை இல்லை.

நம் பக்கம் கதவு மெல்லத்தான் திறந்தது. மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகருக்குக் கணித ஆனர்ஸ் மேல்தான் ஆசை. அப்பா இயற்பியல் என்றார். மகன் இயற்பியலில் சேர்ந்துவிட்டு, கணித வகுப்பிலும் போய் உட்கார்ந்து கேட்டார். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் போட்ட நட்சத்திரக் கணக்குக்கு அந்த இரண்டும் கைகொடுத்தன. 1983-இல் நோபல் பரிசு வந்தது.

எங்கள் அப்பாக்கள் காலத்தில் மேஜரோடு 'ஆன்சிலரி' வந்தது. இயற்பியல்காரனுக்குக் கணக்கும் கெமிஸ்ட்ரியும். அது பெரும்பாலும் பெரியவர்கள் பார்த்துச் செய்து வைத்த கல்யாணம்தான். அறிவியல் மாணவனுக்கு இலக்கியமும் வரலாறும் வேண்டும், கலை மாணவனுக்கு அறிவியல் வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் குழு 1949-லேயே எழுதி வைத்தது. நான் 2008-இல் சேர்ந்தபோது அது பகுதி நான்கு என்ற பெயரில் இருந்தது. பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். எங்களுக்கு வேற்றுத் துறைப் பாடம். 2015-இல் யு.ஜி.சி. இந்த விருப்பமுறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன். வரலாற்றுத் துறை கல்வெட்டுப் பாடம் வைத்திருந்தது; வணிகவியல் துறை அலுவலக நிர்வாகம். "கல்வெட்டு எதுக்குடா மச்சான், பிசிக்ஸ்காரனுக்கு? ஆபீஸ் மேனேஜ்மெண்ட் எடு, மார்க் அள்ளலாம்" என்றார்கள் சீனியர்கள். நானும் அள்ளினேன். 82 என்று ஞாபகம். ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை.

பட்டம் முடித்து, பி.இ. சிவில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இப்போது ஏரி, மதகு என்று சுற்றுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏரியில் பழைய மதகை எடுத்துவிட்டுப் புதிது கட்டும் வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு கல் தூண், பாசி படிந்து நின்றது. "இதை என்ன சார் பண்றது?" என்று மேஸ்திரி கேட்டார். உடைத்துக் கரைக்குப் பதித்துவிடச் சொன்னேன். பாதி உடைத்த பிறகு ஒரு பெரியவர் வந்து, மீதிக் கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். வரிவரியாக எழுத்து.

"என்ன தம்பி எழுதியிருக்கு? படிச்ச புள்ளதானே நீங்க?"

வேலையை நிறுத்தினேன். போட்டோ எடுத்து, அந்தக் கல்வெட்டுப் பாடம் படித்த நம் செட் நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். இன்று வாத்தியாராக இருக்கிறான். ராத்திரி கூப்பிட்டான். மூன்று வரி தெளிவாகப் படிக்க முடிகிறதாம். யாரோ ஒருவர் செய்வித்த தூம்பு என்று முடிகிறதாம்.

"யாருன்னு இருக்கா?"

"மேல் பாதியில இருந்திருக்கும்டா" என்றான்.