குணசேகரன், கே. ஏ. (1955–2016)
நாட்டுப்புறவியல் அறிஞர், பாடகர், நாடகாசிரியர். சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். புதுவைப் பல்கலைக்கழக நாடகத்துறையில் பேராசிரியராகவும் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

சேகரித்த பாடல்களை ஏட்டில் அடக்கிவிடாமல், 'தன்னானே' குழுவோடு பறை முழங்க ஊர் ஊராகப் பாடியதே இவரது பெருஞ்சாதனை. கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடல் இவர் குரலால்தான் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 1968 டிசம்பர் 25 அன்று கூலி விவசாயக் குடும்பத்தினர் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி மண்ணில் அப்பாடலின் கனமே வேறு.

'பலி ஆடுகள்' இவரது நாடகம். 'வடு' (2005), தமிழின் முன்னோடித் தலித் தன்வரலாறு, ஆங்கிலத்திலும் வெளிவந்துள்ளது. 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.