உதகமண்டலம்: பெயரில் மறைந்த மந்து

நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலத்தின் வரலாறு, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவனின் 1819ஆம் ஆண்டு வருகையிலிருந்தே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அவர் 1822இல் கட்டத் தொடங்கிய கல் மாளிகை, அவரது முயற்சியால் உருவான செயற்கை ஏரி, 1848இல் தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்கா, 1908இல் நகரை எட்டிய மலை இரயில் ஆகியன நகரின் அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன. ஆயின் இந்நகர் எழுந்த நிலம் தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியாகும். பின்னர் நடப்பட்ட தைலமரமும் சீகை மரமும் நீலகிரியின் புல்வெளிகளைச் சுருக்கின. ஆங்கிலேயர் வழங்கிய ‘ஊட்டக்கமண்ட்’ என்னும் பெயரின் ஈற்றுப்பகுதி, தோடர் குடியிருப்பாகிய மந்தினைக் குறிப்பது. ‘மண்டலம்’ என்னும் இன்றைய வடிவில் அப்பொருள் புலப்படுவதில்லை. பூங்காவை அடுத்து இன்றும் ஒரு மந்து உள்ளது. எனவே, இந்நகரின் வரலாற்றை மந்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.