வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் செல்லும் சுற்றுலாக் குழுக்கள் அறிய வேண்டியவை

இத்தாலியின் வெனிஸ் நகரில் வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாக் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள இவ்விதி முரானோ, புரானோ, டோர்செல்லோ தீவுகளுக்கும் பொருந்தும். ஒலிபெருக்கிக்கும் தடை உண்டு; மீறினால் 25 முதல் 500 யூரோ வரை அபராதம் விதிக்கப்படும். குறுகிய சந்துகளையும் பாலங்களையும் குழுக்கள் அடைத்துக்கொள்வதால் குடியிருப்போர் அவதியுறுவதே இதற்குக் காரணம்.

ஆம்ஸ்டர்டாம் நகர மையத்தில் வரம்பு 15 பேர்தான். 40 பேர் கொண்ட குழுவுக்கு ஒரே வழிகாட்டியை அமர்த்தினால் பணம் வீணாகும். புறப்படும் முன்பே குழுவைப் பிரித்துக்கொள்வது நல்லது.

குழுவாகச் சென்றாலும் ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே, அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.