வீட்டுக் கணினியில் விபிஎன்: எதை மறைக்கும், எதை மறைக்காது?

பெங்களூரு: இணையத்திலிருந்து கோப்புகளைப் பதிவிறக்குவோர் பலர், தனியுரிமைக்காக விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பைக் கணினியில் நிறுவுகின்றனர். நிறுவும் முன் அதன் பயனையும் எல்லையையும் அறிந்துகொள்வது அவசியம்.

அடிப்படை உரிமை

பெங்களூருவில் வசித்த கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். இந்த வழக்கில்தான், தனியுரிமை அடிப்படை உரிமை என 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

விபிஎன் என்ன செய்கிறது?

கணினிக்கும் விபிஎன் சர்வருக்கும் இடையிலான தரவை அது மறையாக்கம் செய்கிறது. இதனால் எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பது இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால், அந்த விவரம் விபிஎன் நிறுவனத்தின் கைக்குச் செல்கிறது. எனவே, நிறுவனத்தின் நம்பகத்தன்மையே முக்கியம்.

இந்திய விதிகள்

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதற்குப் பொதுவான தடை இல்லை. எனினும், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி முகவரி உள்ளிட்டவற்றை விபிஎன் நிறுவனங்கள் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. அலுவலகப் பயன்பாட்டுக்கான விபிஎன்களுக்கு இது பொருந்தாது. இதையடுத்து எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றின.

நிறுவும்போது கவனிக்க

* செயலியை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும்.
* 'கில் சுவிட்ச்' வசதியை இயக்க வேண்டும். விபிஎன் திடீரெனத் துண்டிக்கப்பட்டால் இணைய இணைப்பை அது நிறுத்திவிடும்.
* இணைத்த பின் ஐபி முகவரி மாறியுள்ளதா, டிஎன்எஸ் கசிவு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.
* டோர் உலாவி வழியாக டொரன்ட் கோப்புகளைப் பதிவிறக்கக் கூடாது. டொரன்ட் செயலிகள் உண்மையான ஐபி முகவரியை வெளிப்படுத்திவிடக்கூடும் என டோர் அமைப்பே எச்சரிக்கிறது.
* வெளியீட்டாளர் 'எஸ்ஹெச்ஏ-256' குறியீட்டைத் தந்திருந்தால், பதிவிறக்கிய கோப்பின் குறியீட்டுடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால் கோப்பைத் திறக்கக் கூடாது.

விபிஎன் தீம்பொருளைத் தடுக்கும் கருவி அல்ல. கூகுள் போன்ற கணக்குகளில் உள்நுழைந்தபடி செயல்பட்டால் அடையாளத்தையும் மறைக்காது. அனுமதியின்றித் திரைப்படங்களைப் பதிவிறக்குவது, விபிஎன் வழியே நடந்தாலும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை மீறும் செயலே.